கார் எர்த் வயரை மாற்றினால் பிக்கப் கூடுமா?

சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளபளக்கும் உறை போட்ட நான்கைந்து தடித்த வயர்கள். ஒவ்வொன்றின் முனையிலும் தங்க நிறத்தில் ஒரு லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையம். எல்லாவற்றையும் பேட்டரி நெகட்டிவில் சேர்த்துக் கட்ட ஒரு கட்டை. ‘கிரவுண்டிங் கிட்’ என்றோ ‘எர்திங் கிட்’ என்றோ ஆன்லைனில் விற்கிறார்கள். பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஏசி போட்டாலும் வண்டி திணறாது, ஸ்பீக்கரில் இரைச்சல் போகும் என்று பாக்கெட்டில் ஒரு பட்டியலே இருக்கும். ஜப்பானில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு மோகமாகக் கிளம்பியது இது. பிறகு மலேசியா, சிங்கப்பூர் பக்கம் பரவி, இப்போது நம் ஊர் ஆக்சஸரீஸ் கடைகளிலும் கிடைக்கிறது.

வாங்கலாமா? எர்த் நன்றாக இருக்கும் வண்டிக்கு வாங்கத் தேவையில்லை, ஒரு பலனும் தெரியாது. எர்த் கெட்டுப்போன வண்டியில் மாட்டினால் பலன் தெரியும். ஆனால் அந்தப் பலனை ஒரு துண்டு எமரி பேப்பரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் கொடுத்துவிடும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, காருக்குள் கரண்ட் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும்.

காரின் எர்த், வீட்டு எர்த் அல்ல

வீட்டில் எர்த் என்பது பாதுகாப்புக்கு. மிக்ஸியின் உடலில் கரண்ட் கசிந்தால் அது நம்மைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்க ஒரு வழி. சாதாரண நேரத்தில் அந்த வயரில் கரண்டே ஓடாது. காரில் கதை வேறு. நான்கு டயரும் ரப்பர்; மண்ணோடு காருக்குச் சம்பந்தமில்லை. இங்கே எர்த் என்று சொல்வது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதையை.

பேட்டரியின் பாசிட்டிவில் கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், சுவிட்ச், ரிலே எல்லாம் தாண்டி பல்புக்கு வருகிறது. பல்பை எரித்த பிறகு அது நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு பல்புக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக இன்னொரு வயரை பேட்டரி வரை இழுத்தால் செம்பும் வீண், எடையும் வீண். அதனால் காரின் இரும்பு உடலையே பொதுவான திரும்பு வழியாக வைத்துவிட்டார்கள். பல்பின் கறுப்பு வயர் அரை அடி ஓடி, பக்கத்தில் பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்துவிடும். அந்த போல்ட்தான் எர்த் பாயிண்ட். இப்போதைய கார்கள் எல்லாமே நெகட்டிவை பாடியில் கட்டுகின்றன. 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவைத்தான் பாடியில் கட்டினார்கள். பழைய மாரிஸ் மைனரைச் சீர்செய்பவர்கள் ரேடியோ மாட்டும்போது யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதில் ஒரு சிக்கல். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதிர்வு உள்ளே வராமல் இருக்கத்தான் ரப்பர், ஆனால் அது கரண்ட்டையும் விடாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார், கரண்ட் உண்டாக்கும் டைனமோ (ஆல்டர்னேட்டர்) இரண்டும் இன்ஜினில்தான் போல்ட் போட்டு மாட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் நெகட்டிவ் அதனதன் உடல்தான். ஆகவே பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு தடித்த இணைப்புகள் பெரும்பாலான கார்களில் இருக்கும். சில வண்டிகளில் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று தனியாக இருக்கும்.

எந்த நேரத்தில் எந்த வயருக்கு வேலை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில், பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள வயர்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. சிறிய பெட்ரோல் கார் என்றால் 100 முதல் 150 ஆம்பியர், டீசல் என்றால் 200-ஐத் தாண்டும். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் கொடுப்பது டைனமோ. அப்போது ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றின் கரண்ட்டும் பாடி வழியாக வந்து, இன்ஜினுக்கு ஏறி, டைனமோவின் உடலுக்குத் திரும்புகிறது. பேட்டரி அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பயணிதான்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்

ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் உள்ள செம்புக் கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.0172 ஓம். தடிமன் கூடினால் அந்த அளவுக்குக் குறையும், நீளம் கூடினால் கூடும். இந்த ஒரு எண் போதும்.

சிறிய காரில் பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் வயர் அரை மீட்டர் நீளம், 16 ஸ்கொயர் எம்எம் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டன்ஸ் 0.00054 ஓம். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது அந்த வயரில் வீணாகும் வோல்டேஜ் 0.08 வோல்ட். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு மடங்குக்கும் மேல் தடித்த 35 ஸ்கொயர் வயரைப் போட்டால் வீணாவது 0.04 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் பிடித்தது 0.04 வோல்ட். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கும் ஒரு மணி நேரம் ஓடி நின்ற வண்டிக்கும் பேட்டரி வோல்டேஜில் வரும் வித்தியாசமே இதைவிடப் பல மடங்கு.

வண்டி ஓடும்போது? ராத்திரியில் ஹெட்லைட், ஏசி புளோயர், வைப்பர் எல்லாம் போட்டு 30 ஆம்பியர் ஓடுகிறது என்போம். பழைய வயரில் வீணாவது 0.016 வோல்ட், புது வயரில் 0.007. வித்தியாசம் ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பவராகச் சொன்னால் கால் வாட் மிச்சம். பார்க்கிங் லைட் பல்பு ஒன்றே 5 வாட். ஜிஎஸ்டி சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சிறிய கார், காற்றைக் கிழிக்கவும் டயரை உருட்டவும் செலவழிப்பது ஆயிரக்கணக்கான வாட். அதில் கால் வாட்டை மிச்சப்படுத்தி மைலேஜ் ஏறியது என்று யாராவது சொன்னால், போன வாரம் பெட்ரோல் பங்கில் டேங்க் நிரம்பியதும் பம்ப் எந்த இடத்தில் கட் ஆனது, இந்த வாரம் எந்த இடத்தில் கட் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்பார்க் பலமாகும் என்ற வாதம் இன்னும் வேடிக்கை. பிளக்கில் பொறி விழ ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. அதை உண்டாக்கும் இக்னிஷன் காயில் இழுக்கும் கரண்ட்டோ சில ஆம்பியர்தான். அதற்கு எர்த் பட்டையில் வீணாவது மில்லிவோல்ட் கணக்கு. அதோடு, பேட்டரி வோல்டேஜ் சற்றுக் குறைந்தால் காயிலுக்குக் கரண்ட் விடும் நேரத்தை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தானாகவே கூட்டிக்கொள்ளும். சென்சார்களின் கதையும் அப்படியே. த்ராட்டில் சென்சார், பிரஷர் சென்சார் போன்றவை 5 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றின் நெகட்டிவ் பாடிக்குப் போவதே இல்லை. தனி வயரில் நேராக இசியூவுக்குத் திரும்புகிறது. பாடியில் ஓடும் பெரிய கரண்ட்டால் அளவு தப்பக் கூடாது என்றுதான் கம்பெனியில் அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே கிட்டில் வரும் ஒரு வயரை த்ராட்டில் பாடியின் போல்ட்டில் மாட்டுவதால் சென்சாருக்கு எதுவும் நடக்காது. சில கார்களில் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டே பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு எர்த் வயர் அழகுக்கு மட்டும்.

கெட்டுப்போவது வயர் அல்ல, ஜாயிண்ட்

மேலே போட்ட கணக்கு எல்லாம் வயருக்குத்தான். வயரின் இரண்டு முனைகளிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முனையில் பேட்டரியின் ஈயத் தூணைக் கவ்வும் கிளாம்ப். மறு முனையில் செம்பு லக், அதன் கீழே பாடியின் தகடு, மேலே இரும்பு போல்ட். நடுவில் பெயிண்ட், துரு, கிரீஸ், பேட்டரி ஆவி பட்டு வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்த உப்பு.

அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.02 ஓம் கூடினாலும் 150 ஆம்பியருக்கு 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் 3 போனால் செல்ஃப் முனகும். 0.05 ஓம் என்றால் செல்ஃப் சுற்றவே சுற்றாது, ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். ஒப்பிட்டுப் பாருங்கள்: முழு வயரின் ரெசிஸ்டன்ஸ் 0.0005, ஒரு துருப்பிடித்த ஜாயிண்ட் அதைப்போல நூறு மடங்கு. சாலையை நான்கு வழியிலிருந்து எட்டு வழியாக்கிவிட்டு டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டரைத் திறந்து வைத்தால் வண்டிகள் எங்கே நிற்கும்? தடித்த வயரைத் துருப்பிடித்த தகட்டில் முடுக்குவது அந்த வேலைதான்.

கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில் பெசன்ட் நகர் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளின் செம்புப் பட்டைகள் சில ஆண்டுகளில் பச்சை பிடித்துவிடுகின்றன. உப்பு ஈரமும் இரண்டு வேறு உலோகங்களும் ஒன்று சேர்ந்தால் அரிப்பு தானாகத் தொடங்கும். செம்பு லக்கின் கீழே அலுமினிய கியர்பாக்ஸ் என்றால் அரிபடுவது அலுமினியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள், இன்ஜின் வேலை எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் விநோதமான எலெக்ட்ரிக்கல் கோளாறுகளைக் காட்டியதற்கு, கார்பெட்டுக்கு அடியில் ஊறிக்கிடந்த எர்த் பாயிண்ட்களும் ஒரு காரணம். எலியும் தன் பங்குக்குக் கடித்து வைக்கும், அது தனிக் கதை.

எர்த் போனால் வண்டி காட்டும் அறிகுறிகள் ரொம்ப வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் கரண்ட் தனக்கு வழி இல்லை என்றால் வேறு வழியைத் தேடிக்கொள்ளும். பின்னாடி டெயில் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் லைட், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே கறுப்பு வயர். அது பாடியில் துருப்பிடித்து விட்டுப்போனால், பிரேக் மிதிக்கும்போது வந்த கரண்ட் திரும்பிப் போக முடியாமல் பார்க்கிங் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி நுழையும். அங்கிருந்து பார்க்கிங் வயரைப் பிடித்து மறுபக்க டெயில் லைட்டுக்குப் போய், அங்கே உள்ள நல்ல எர்த்தில் இறங்கும். விளைவு: பிரேக் மிதித்தால் பார்க்கிங் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் சேர்ந்து கண் சிமிட்டும். இதைப் பார்த்துவிட்டு முழு வயரிங்கையும் மாற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி முடுக்கினால் தீரும் வேலை.

ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவது, ஹாரன் அடித்தால் மீட்டர் லைட் மங்குவது, ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக எரிவது எல்லாம் இதே குடும்பம். ஹேலஜன் பல்பு வோல்டேஜுக்கு ரொம்பக் கூச்சம் பார்க்கும். 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எர்த் சரியில்லாமல் 12.5 வந்தால், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். கிட் மாட்டியதும் ஹெட்லைட் பிரகாசமானது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அந்த வண்டியில் ஏற்கெனவே எர்த் மோசமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேபிள் வைத்த ஆக்சிலரேட்டர் இருந்த பழைய வண்டிகளில் இன்னும் மோசமாக நடக்கும். இன்ஜின் எர்த் பட்டை அறுந்துவிட்டால், செல்ஃபின் அத்தனை கரண்ட்டும் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய கம்பிக்கு நூறு ஆம்பியரைத் தாங்கும் திராணி ஏது? சூடாகிப் புகைந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, கேபிள் ஒட்டிக்கொள்ளும். புதுக் கேபிள் போட்டும் மறுபடி ஒட்டுகிறது என்றால் எர்த் பட்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது எப்படி

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பலரும் செய்வது, ஓம் பக்கம் திருப்பி, ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜினிலும் வைத்து, 0.2 என்று காட்டியதும் ‘எர்த் சூப்பரா இருக்கு’ என்று முடித்துவிடுவது. அந்த 0.2 பெரும்பாலும் மீட்டரின் சொந்த வயருக்கே உள்ள ரெசிஸ்டன்ஸ். நாம் தேடுவது அதில் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு. அதை இந்த மீட்டரால் ஓமில் பிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கான இழைகள் இருக்க வேண்டிய வயரில் ஒரே ஓர் இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும்.

அதனால் கரண்ட் ஓடும்போது வோல்டேஜை அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். கறுப்பு முள் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூணின் தலையில். கிளாம்ப்பின் மேல் அல்ல, தூணின் மேல். சிவப்பு முள் இன்ஜினில், பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்தி வையுங்கள். இப்போது உள்ளே ஒருவரை உட்கார வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகி அளக்க நேரம் தரவில்லை என்றால், ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அடிக்கலாம். ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் உங்கள் எர்த் நன்றாக இருக்கிறது. இதற்கு மேல் படிக்காமல் கிட்டுக்கு வைத்த பணத்தில் டயருக்குக் காற்றும் ஒரு நல்ல டீயும் வாங்கிக்கொள்ளலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ நிச்சயமாகக் கோளாறு. இடைப்பட்டது என்றால் இப்போதே சுத்தம் செய்வது நல்லது.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, அதே வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே ஒருமுறை. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.3 வந்தால் திருடன் அகப்பட்டான், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்சைடு படிந்திருக்கிறது. பிறகு கிளாம்ப்புக்கும் மறுமுனை லக்குக்கும். அங்கே அதிகம் என்றால் வயரே உள்ளுக்குள் போயிருக்கிறது. பிறகு லக்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் உலோகத்துக்கும்.

பாடி எர்த்தைப் பார்க்க செல்ஃப் தேவையில்லை. இன்ஜின் ஓடட்டும். ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, நெகட்டிவ் தூணுக்கும் பாடியின் சுத்தமான உலோகத்துக்கும் நடுவே அளக்கலாம். அப்படியே இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவேயும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை.

மீட்டர் இல்லாமல் நடுரோட்டில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி: ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் கனமான உலோகப் பகுதியிலும் மாட்டி அடித்துப் பாருங்கள். உடனே துள்ளிக்கொண்டு செல்ஃப் எடுத்தால் பேட்டரி மேல் பழி இல்லை, எர்த்தான் குற்றவாளி. புது பேட்டரி வாங்கிப் போட்டும் சரியாகாத எத்தனையோ வண்டிகள் இந்த ஒரு சோதனையில் மாட்டியிருக்கும்.

சுத்தம் செய்வது

முதலில் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பூத்த உப்பின் மேல் வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் நுரைத்துக் கரையும். தூணையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் எமரி பேப்பரால் ஈயம் பளபளக்கும் வரை தேயுங்கள். பாடி, இன்ஜின் முனைகளில் லக்கின் இரண்டு பக்கமும், அது உட்காரும் இடமும் வெறும் உலோகம் தெரிய வேண்டும். புதிதாக பெயிண்ட் அடித்த வண்டிகளில் டிங்கரிங் கடைக்காரர் எர்த் பாயிண்ட்டின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டிருப்பார். அதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினால் பிடிமானம் நன்றாக இருக்கும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவுங்கள். உலோகம் உலோகத்தோடு சேரும் இடத்தில் ஈரம் புகாமல் இருக்கத்தான் அது. கரண்ட் கடத்த அல்ல.

இந்த இடத்தில்தான் கிட்டின் ரகசியமும் இருக்கிறது. கிட் மாட்டுபவர் முதலில் என்ன செய்கிறார்? பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றுகிறார், தேய்க்கிறார், நன்றாக இறுக்குகிறார். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் பல வண்டிகளில் இசியூ தான் கற்று வைத்திருந்த ஐடில், பெட்ரோல் அளவு திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்கத் தொடங்குகிறது. ஓரிரு நாள் வண்டி வேறு மாதிரி ஓடும். ஆயிரக்கணக்கில் பணமும் போயிருக்கிறது, மனசு சும்மா இருக்குமா? பிக்கப் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறது.

தடித்த வயர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள்

கார் ஆடியோ ஆட்கள் ‘பிக் த்ரீ’ என்று ஒன்றைச் சொல்வார்கள். டைனமோ பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு, இந்த மூன்று வயரையும் தடித்ததாக மாற்றுவது. அதற்கு நியாயம் இருக்கிறது. பூட்டில் 1000 வாட் நிஜமாகக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் வைத்தால், அது பாஸ் அடிக்கும்போது 90 ஆம்பியர் இழுக்கும். கம்பெனியில் யோசித்த கணக்கில் அந்த 90 ஆம்பியர் இல்லை. பேட்டரியிலிருந்து பூட்டுக்கு 16 ஸ்கொயர் வயர் ஐந்து மீட்டர் ஓடினாலே அரை வோல்ட் போய்விடும். பாசிட்டிவுக்கு எந்தத் தடிமன் போடுகிறீர்களோ அதே தடிமன் எர்த்துக்கும் போட வேண்டும். கடைகளில் பாசிட்டிவுக்குத் தடித்த சிவப்பு வயரைப் போட்டுவிட்டு, எர்த்துக்கு மிச்சமிருந்த மெல்லிய வயரை சீட் போல்ட்டில் சொருகிவிடுவதைப் பார்க்கலாம். பாட்டு போட்டால் டைனமோ விசில் ஸ்பீக்கரில் கேட்பதற்கு அது ஒரு காரணம். கம்பெனி ஸ்டீரியோவோடு வரும் நான்கு ஸ்பீக்கருக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பேட்டரியைப் பூட்டுக்கு மாற்றியவர்கள், ஜீப்பில் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார்) மாட்டியவர்கள், கூடுதல் ஆம்பியர் டைனமோ போட்டவர்களுக்கும் இது பொருந்தும். வின்ச் முழுப் பாரத்தில் 300, 400 ஆம்பியர் இழுக்கும். அதை மாட்டுபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். எர்த் வயரில் ஃபியூஸ் போடக் கூடாது. எர்த் ஃபியூஸ் எரிந்தால் கரண்ட் ஆம்ப்ளிஃபயரின் சிக்னல் வயர் உறையைப் பிடித்துக்கொண்டு ஸ்டீரியோவுக்குள் புகுந்து அதையும் எரிக்கும்.

சாதாரண வண்டியிலும் வயரை மாற்றியே ஆக வேண்டிய நேரம் உண்டு: இழைகள் அறுந்து தொங்கினால், உறையைச் சற்று வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், லக்கின் கழுத்தில் வயர் விறைத்து நொறுங்கினால். அப்போதும் பழைய தடிமனே போதும், ஒரு படி கூட்டினால் தப்பில்லை. நல்ல செம்பு வெல்டிங் கேபிள் இதற்கு அருமையாக ஒத்துவரும். மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் இன்ஜின் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனுக்கு செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் கடத்தும். கிட் வயர்களில் இதுவும் வரும், தடித்த ரப்பர் உறைக்குள் ஒல்லியான கம்பியும் வரும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்து அழுத்திக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிக் கொடுத்தால், நீங்கள் காசு கொடுத்து இன்னொரு கெட்ட ஜாயிண்ட்டை வாங்கி வருகிறீர்கள்.

புது வண்டிக்காரர்களுக்கு

சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வண்டி, மைல்ட் ஹைப்ரிட் வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பைக் கவனியுங்கள். அதிலேயே சிறிய பிளாஸ்டிக் பெட்டியும் மெல்லிய வயர்களும் இருந்தால் அது பேட்டரி சென்சார். பேட்டரிக்குள் போகிற வருகிற கரண்ட்டை அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் எர்த் வயரை நேராகத் தூணில் மாட்டினால் ஒரு பங்கு கரண்ட் சென்சாரைத் தொடாமல் ஓடிவிடும். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்ற கணக்கு தப்பும், இன்ஜின் அணைந்து எரியும் வசதி வேலை செய்யாமல் போகலாம். எதை மாட்டுவதாக இருந்தாலும், ஜம்ப் ஸ்டார்ட் உட்பட, பாடியில் உள்ள எர்த் பாயிண்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

எலெக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அதன் எர்த் பாடியில்தான், மேலே சொன்னதெல்லாம் அதற்கும் செல்லும். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி அப்படியல்ல. அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே பாடியைத் தொடாமல் தனியே ஓடுகின்றன, பாடியில் கசிந்தால் வண்டியே எச்சரிக்கை காட்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. எமரி பேப்பரும் ஸ்பேனரும் அங்கே போகவே கூடாது.